மலை பழகாத வண்டி

பயன்படுத்திய வாகனங்களுக்கான உத்தரவாத ஒப்பந்தம், பிரிவு பதினொன்று, உட்பிரிவு நான்கு: "பரிசோதனை மையத்தில் வெளிப்படாத பழுது குறித்து உரிமையாளர் எழுத்து மூலம் கோரினால், நிறுவனத்தின் பிரதிநிதி பழுது வெளிப்படும் இடத்துக்கே நேரில் சென்று, கோரிக்கை கிடைத்த பதினைந்து வேலை நாட்களுக்குள் வாகனத்தைப் பரிசோதிக்க வேண்டும்."

தெளிவான விதி. எழுதியவர் ஏதோ ஒரு சமவெளி அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். பழுது வெளிப்படும் இடம் ஏற்காடு மலைப்பாதையின் பதினான்காம் கொண்டை ஊசி வளைவாக இருக்கக்கூடும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் எறும்புகள் போல ஊர்ந்துகொண்டிருந்த அந்த உட்பிரிவைப் படித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். அது என் தொழில். முப்பத்தொரு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தேன். பெயர்தான் இழப்பீட்டுப் பிரிவு. வேலை, இழப்பீடு ஏன் கிடையாது என்பதைப் பணிவாக எழுதி அனுப்புவது.

வண்டி என்னுடையது அல்ல. கிளியூரில் இருந்த ஒரு அம்மாளுடையது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைய எதுக்குங்க சார் எழுதறீங்க, ஊருல வேற ஆளே இல்லைங்களா?" என்று ஈரோட்டில் மகள் வீட்டிலிருந்து போன் வரும். டாக்ஸி ஸ்டாண்டில் அவரை டிரைவரக்கா என்பார்கள். நான் அம்மணி என்று கூப்பிடுவேன். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, காப்பி பறித்த காலத்துப் பழக்கம். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வெறும் காலால்தான் ஓட்டுவார். வண்டிக்குள் எப்போதும் சில்வர் ஓக் மரத்தில் அறுத்த ஒரு முட்டுக்கட்டை கிடக்கும். ஏற்றத்தில் நிறுத்தினால் சக்கரத்துக்குப் பின்னால் வைப்பதற்கு.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எதற்கும் எவருக்கும் அவகாசம் கொடுத்துவிடுவார். "புதுசுங்க, பழகட்டும்" என்பார். எஸ்டேட்டுக்கு வந்த புது மேனேஜர் கூலியாட்களிடம் கத்தியபோது அப்படித்தான் சொன்னார். நடு ரோட்டில் படுத்துக்கொண்ட எருமைக்கும் அதேதான். ஹாரன் அடிக்க மாட்டார். இஞ்சினை அணைத்துவிட்டு அது எழுந்து போகும்வரை காத்திருப்பார். பின்னால் நிற்கும் சுற்றுலாக் கார்கள் எல்லாம் சேர்ந்து அலறும். "ஏனுங்க, அதுக்கு நம்மளத் தெரியாதில்லீங்க?" என்று இறங்கிப் போய் அவர்களுக்கு விளக்கம் சொல்வார்.

அவர் அவகாசம் கொடுத்தவர்கள் வரிசையில் நானும் இருந்திருக்கிறேன் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஓய்வு பெற்று மலைக்கு வந்த முதல் வருடம் நான் எழுதாத புகார் கிடையாது. தெருவிளக்குக்கு ஒன்று, தபால் தாமதத்துக்கு ஒன்று, பக்கத்து வீட்டு நாய்க்கு இரண்டு. டாக்ஸி ஸ்டாண்டில் எனக்கு வண்டி ஓட்ட யாரும் வரமாட்டோம் என்று பேசிக்கொண்டார்களாம். இவர்தான், "சாரு கீழ்நாட்டு ஆளுங்க. குளிரு ஒத்துக்கலை போலிருக்குது. மூணு மழை போகட்டும், சரியாப் போயிருவாரு" என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். மூன்று மழை போனது. நான் சரியாகப் போனேனா என்று அவரிடம் கேட்டதில்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு செவ்வாயும் வெள்ளியும் சேலத்துக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருந்தது. அதே சிகிச்சைக்கு எங்களோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்: கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், நாகலூர்ப் பக்கம் பலாவும் மிளகும் போட்டிருந்த விவசாயி ஒருவர். மூன்று நோயாளிகளையும் காலையில் இறக்கி மாலையில் ஏற்றிக் கொண்டுவந்தது இந்த அம்மாள்தான். நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விட்ட பிறகு மனிதர்கள் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பார்கள். அவர்களை அப்படியே மடக்காமல் வீடு சேர்க்க வேண்டும். ஒருமுறை மருத்துவமனையில் புதிதாக வந்த நர்ஸ் மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. கூடவே நின்ற அம்மாள் வழக்கம்போல, "புதுப் புள்ளைங்க, கை பழகட்டுங்க" என்றார்.

"பழகறது என் கைமேலயா?" என்றாள் என் மனைவி.

அதற்கு அம்மாள் தன் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி, "கண்ணு, அவங்க கையி வலிக்குதாமா. இந்தா, எங்கையில ரெண்டு தடவ குத்திப் பாத்துட்டு அப்பறம் போடு" என்று நீட்டினார். அந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். நான்காவது குத்தில் நரம்பு கிடைத்தது.

பழைய வண்டி ஓடித் தேய்ந்துபோனதால் அந்த வருடம் ஆனி மாதம் அவர் வேறு வண்டி வாங்கினார். சேலத்தில் பெரிய கண்ணாடிக் கடை. பயன்படுத்திய வண்டிக்கு ஒரு வருட உத்தரவாதம், நீல நிற உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வாங்கிய அன்றே, வீட்டுக்கு வரும் வழியில், பதினான்காம் வளைவு தாண்டும் முன்னால் இஞ்சின் பேச்சு மூச்சில்லாமல் நின்றது. முட்டுக்கட்டையை வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தார். சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. வேறு யாராக இருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் கடை வாசலில் நிறுத்தியிருப்பார்கள். இவர் யாரிடமும் சொல்லவில்லை. கீழ்நாட்டு வண்டி, திருச்சி மதுரை என்று சமரோட்டில் ஓடியது, மலைக்குப் புதிது. அவருடைய அப்பா அம்மா ஆத்தூர்ப் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு ஏறி வந்த முதல் வருடம் குளிர்க்காய்ச்சலில் படுத்துக் கிடந்தவர்கள்தான். பிறகு பழகவில்லையா? வண்டிக்கும் ஒரு மழைக்காலம் கொடுத்துப் பார்த்தார்.

வண்டி ஒரு வாரம் ஒழுங்காக ஏறும். இரண்டு வாரம் ஏறும். பிறகு திடீரென்று நிற்கும். இறங்கும்போது ஒருநாளும் நின்றதில்லை. எங்கள் யாரையும் வைத்துக்கொண்டு நின்றதில்லை. அதனால் எங்களுக்கும் தெரியாது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நாலு மணி இருக்கும், தூறல். மூன்று பேரும் உள்ளே இருக்கும்போது நின்றது. என் மனைவி கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

"பழகிக்குமுங்க" என்றார் அம்மாள், முட்டுக்கட்டையை வைத்தபடி.

"உன் வண்டி பழகறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவன் தாயி" என்று உள்ளேயிருந்து ரைட்டர் சொன்னார். "எனக்குச் சொல்லியனுப்பு, அங்கிருந்து வந்து பாத்துக்கறேன்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மாள் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து என் மனைவியைப் பார்த்தார். தன் சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டார். பதினைந்து நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது. வாசலில் இறக்கிவிட்டு, "சார், இனி இவங்கள வெச்சுட்டு இந்த வண்டியில மேல ஏறமாட்டனுங்க" என்றார். அவர் ஒன்றுக்கு அவகாசம் கொடுக்க மறுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த செவ்வாயிலிருந்து ஒரு விசித்திரமான ஏற்பாடு நடந்தது. காலையில் தன் வண்டியில் எங்களை இறக்குவார். மாலையில் ஸ்டாண்டிலிருந்து இன்னொரு வண்டியை வரவழைத்து அதில் எங்களை ஏற்றிவிட்டு, தன் வண்டியைக் காலியாகப் பின்னால் ஓட்டிக்கொண்டு வருவார். நாங்கள் கொடுத்ததெல்லாம் அந்த வண்டிக்கே போனது. பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், வண்டி சரியாகவில்லை என்றால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மறுபடி எஸ்டேட்டில் கூடை தூக்கப் போகிறேன் என்றார். எங்களுக்கு வேறு வண்டி கிடைக்குமா என்று கேட்டேன். "கெடைக்குமுங்க" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. சுற்றுலாப் பயணிகள் குவியும் ஊரில், வாரம் இரண்டு நாள் முழுவதும் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்க எவனும் வரமாட்டான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கடைக்கு மூன்று முறை போய்வந்தார். மூன்று முறையும் அவர்கள் புறவழிச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, "பழுது ஏதும் காணப்படவில்லை" என்று அச்சடித்த தாளில் முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். "அங்க போனா நல்ல புள்ளையாட்டம் ஓடுதுங்க சார். எனக்கே வெக்கமாப் போச்சு" என்றார் அம்மாள்.

அப்போதுதான் அந்த நீல உறையைக் கேட்டு வாங்கி ஒன்பதாம் பக்கம் வரை படித்தேன். உட்பிரிவு நான்கைக் கண்டதும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பசி எடுத்தது. பல வருடங்களாக அப்படி எடுத்ததில்லை.

கோரிக்கைப் படிவத்தைக் கொண்டுவரச் சொல்லி எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். ஆறாவது கட்டத்தில் வந்தது வினை: பழுது முதன்முதலில் தெரியவந்த நாள். ஏழு நாட்களுக்குள் தெரிவிக்காவிட்டால் கோரிக்கை செல்லாது என்று எட்டாம் பிரிவு சொல்கிறது.

"போன வெள்ளிக்கிழமைன்னு போடுங்க" என்றேன்.

"வாங்குன அன்னைக்கே நின்னுச்சுங்களே சார்."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"அவங்க வந்து கேட்டா என்னங்க சொல்றது?"

"கேக்க மாட்டாங்க. கேக்கறதுக்கு முன்னாடியே நிராகரிப்பாங்க. அதான் முறை."

அவர் வாங்கிய நாளையே எழுதினார். அதற்குக் கீழே ஏழாவது கட்டம்: தாமதத்துக்கான காரணம். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படித்த கையெழுத்து, உருண்டை உருண்டையாக இருக்கும். "வண்டி மலைக்குப் புதிது. பழகட்டும் என்று விட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இந்த ஒரு வரி என் மேசைக்கு வந்திருந்தால் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டிருப்பேன். குறையை அறிந்தும் தொடர்ந்து பயன்படுத்தியதாக உரிமையாளரே ஒப்புக்கொண்டிருக்கிறார், எனவே வருந்துகிறோம். முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். அன்று மாலை வேறு படிவத்தில் வேறு தேதி போட்டு அழகாக ஒன்று தயார் செய்து கிளியூருக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

படித்துப் பார்த்தார். "நொம்ப நல்லாருக்குதுங்க சார். ஆனா இது வேற யாரோட வண்டியாட்டமோ இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.

அவர் எழுதியதையே அனுப்பினோம். மேலே உட்பிரிவு நான்கை மேற்கோள் காட்டி நான் ஒரு கடிதம் வைத்தேன். பதினைந்து வேலை நாட்கள் ஓடின. நினைவூட்டுக் கடிதம் ஒன்று. இரண்டாவது நினைவூட்டில் நுகர்வோர் ஆணையம் என்ற சொல்லை ஒருமுறை மட்டும், சாதாரணமாக, பேச்சுவாக்கில் வருவதுபோல் போட்டேன். இது ஒரு கலை. அடிக்கடி போட்டால் மதிக்க மாட்டார்கள். கார்த்திகை பிறந்து ஒரு வியாழக்கிழமை, நிறுவனத்தின் பிரதிநிதி வந்து இறங்கினார்.

நாற்பது வயதிருக்கும். பருமனான உடம்பு, சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்த களைப்பு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பெட்டி. அடிவாரத்தில் சந்தித்தோம். அம்மாள் ஓட்ட, அவர் முன்னால், நான் பின்னால். ஒரு குறையும் இல்லாமல் வண்டி இருபது வளைவும் ஏறியது.

"எங்க மேடம் நிக்குது?" என்றார் அவர் மேலே வந்ததும்.

"இன்னைக்கு நிக்கலைங்களே" என்றார் அம்மாள். முகத்தில் ஒரு பெருமை. பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல. எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது?

மறுபடி இறங்கி மறுபடி ஏறினோம். நிற்கவில்லை. பிரதிநிதி தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அவர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். மூன்றாவது முறை என்று நான் விதியைக் காட்டி வற்புறுத்தினேன். விதியில் அப்படி ஒன்றும் இல்லை. அவரும் ஒன்பதாம் பக்கம் படித்ததில்லை என்பதால் ஒத்துக்கொண்டார்.

பத்தாம் வளைவிலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது. பன்னிரண்டில் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நிறுத்தட்டுங்களா?"

"வேணாம் மேடம், போங்க. நிறுத்தினா டெஸ்ட் கணக்குல வராது."

எனக்கும் அதே கவலைதான். "போகட்டும் அம்மணி, இன்னும் ஆறு ஏழு வளைவுதான்" என்றேன்.

அம்மாள் எங்கள் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. பதினான்காம் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார். பிரதிநிதி இறங்கி ஓடினார். அம்மாள் பின்னாலேயே போய் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு தண்ணீர் ஊற்றி முகம் கழுவவைத்து, கட்டைச் சுவரில் உட்காரவைத்து, தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காய்ந்த நாரத்தையைக் கொடுத்தார்.

"மெதுவாச் சப்புங்க சாமி. என்ன அவசரம்? மலை ஏறுற ஆளுங்களா நீங்க, பாவம். ஊட்டுல கொழந்தைங்க எத்தனை?"

"ரெண்டு பொண்ணுக்கா" என்றார் அவர். மேடம் எப்போது அக்காவானார் என்பதை நான் கவனிக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி ரோட்டில் உலாத்தினேன். எட்டு நிமிடம், பத்து நிமிடம். பரிசோதனை போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஒருவழியாக அவர் எழுந்தார். ஏறி உட்கார்ந்தோம். அம்மாள் சாவியைத் திருப்பினார்.

இஞ்சின் கிளம்பவில்லை.

மறுபடி திருப்பினார். கடகடவென்று சுற்றியது, பிடிக்கவில்லை. பிரதிநிதி அதுவரை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "விடுங்க, விடுங்க, சாவிய எடுக்காதீங்க" என்று பெட்டியைத் திறந்து ஒயரை வண்டியில் செருகினார். கருவியின் திரையில் ஒரு எண் வந்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு சென்சார், இஞ்சின் சுற்றுவதைப் பார்த்துச் சொல்லும் வேலை அதற்கு. ஏற்றத்தில் சூடேறிய இஞ்சினைச் சட்டென்று அணைத்து நிறுத்தினால் அந்தச் சூடு முழுக்க அதன்மேல் இறங்குமாம், மயங்கிவிடுமாம். ஆறினால் எழுந்துகொள்ளுமாம். இஞ்சின் ரொம்பச் சூடேறினால் ஓடும்போதே மயங்கும். சமரோட்டில் இது ஜென்மத்துக்கும் தெரியாது என்றார். நாங்கள் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்திருந்தால் அன்றும் தெரிந்திருக்காது.

"எப்பலருந்துக்கா இப்படி?" என்று கேட்டார் பிரதிநிதி, பேனாவோடு.

நான் அம்மாளைப் பார்த்தேன். கண்ணால் என்னென்னவோ சொன்னேன்.

"வாங்குன அன்னைக்கேங்க" என்றார் அம்மாள்.

அவர் எழுதிக்கொண்டார். எவ்வளவு எழுதினார், எப்படி எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. ஒருவர் நமக்கு நாரத்தை கொடுத்ததை அறிக்கையில் குறிப்பிட எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது.

அதன்பிறகு ஒரு மாதம் சத்தமே இல்லை. மார்கழியில் பனி இறங்கியது. செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் வேறு வண்டியில் ஏறிவர, பின்னால் மூடுபனிக்குள் அம்மாளுடைய வண்டியின் இரண்டு விளக்குகள் மட்டும் வந்துகொண்டிருக்கும். என் மனைவி திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். "வருதா?" என்பாள். "வருது" என்பேன். பதினான்காம் வளைவு தாண்டும்வரை இந்தக் கேள்வியும் பதிலும் ஓடும். ஒருநாள் விளக்குகள் வரவில்லை. எங்கள் டிரைவர் நிறுத்தத் தயாரானார். பின்னாலிருந்து அம்மாள் போன் செய்து, "நீங்க போங்க, அம்மாவக் குளுருல வெக்காதீங்க" என்றார். பொங்கலுக்கு இரண்டு வாரம் இருந்தது. வண்டியை விலைக்குக் கேட்டு ஓமலூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதாக ஸ்டாண்டில் சொன்னார்கள். அவரிடமும் அம்மாள் எங்கே நிற்கும், எப்போது நிற்கும் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவர் திரும்பி வரவில்லை.

பதில் ஒரு புதன்கிழமை வந்தது. என் முகவரி மூலம் என்று போட்டிருந்ததால் தபால்காரர் என்னிடம் கொடுத்தார். பிரிக்க எனக்கு உரிமை இல்லை. போன் செய்தேன். அவர் கிளியூரிலிருந்து வரும்வரை அந்த உறையை மேசைமேல் வைத்து அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கனமில்லாத உறை. நிராகரிப்புக் கடிதங்கள் ஒரே தாள்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

"நீங்களே படிங்க சார்" என்றார் வந்ததும். கதவருகிலேயே நின்றார்.

ஒரே தாள்தான். பழுது, வெளிப்படும் இடத்தில் நேரில் உறுதி செய்யப்பட்டது. பாகம் கட்டணமின்றி மாற்றித் தரப்படும். வெள்ளிக்கிழமைக்குள் வண்டியைக் கொண்டுவரவும். அதற்குக் கீழே தனி வரியாக: "ஏழாம் கட்டத்தில் உரிமையாளர் தெரிவித்துள்ள காரணம் பரிசீலிக்கப்பட்டது. தாமதம் பொறுத்துக்கொள்ளப்படுகிறது."

அந்த வரியை நான் இரண்டாவது முறையும் படித்தேன், சத்தமாக இல்லாமல். அப்படி ஒன்றை எழுத அதிகாரம் எனக்கும் இருந்தது. முப்பத்தொரு வருடமும் இருந்தது.

அம்மாள் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அந்தத் தம்பி ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் பஸ்ஸுல வாந்தி எடுக்காமப் போனாருங்களான்னு கேக்காமயே உட்டுட்டனுங்க" என்றார். பிறகு படியில் இறங்கிக்கொண்டே ரைட்டருக்கும் நாகலூர்க்காரருக்கும் போன் செய்தார். ரைட்டர் நம்பவில்லை போலிருக்கிறது. "அட, நெசமாத்தானுங்க! சாரு படிச்சாருங்க!" என்று கேட்டுவரை கத்திக்கொண்டு போனார். கேட்டிலிருந்து திரும்பி, "அம்மாகிட்டச் சொல்லிருங்க சார். செவ்வாக்கெழம ஏறி வரும்போது நம்ம வண்டியிலயே வந்தரலாமுன்னு" என்றார்.

உள்ளே போய்ச் சொன்னேன். என் மனைவி படுத்திருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தாள். அந்த இரண்டு வருடமும் அந்த வண்டியில்தான் ஏறினாள். நோய் வந்ததிலிருந்து அவளுக்கு நாள் என்றால் செவ்வாய், வெள்ளி, மற்றவை எல்லாம் நடுவில் கிடப்பவை. மாதமோ தேதியோ கேட்டதே இல்லை. நான் சொன்னதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டாள்.

"ஜனவரி ஏழு" என்றேன்.